பழகாத தண்ணீர்

மட்டாஞ்சேரி
9.1.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்வர்ணலதா எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் குறையில்லாமல் இருக்கிறோம். கோயம்புத்தூர்க் குளிரில் உங்களுக்கு இருமல் எப்படி இருக்கிறது?

நவம்பரில் நீங்கள் லாரியில் கொடுத்தனுப்பிய சோப்பு எண்ணெய்க் கேனில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. அப்பா தினமும் தொட்டியில் ஒரு குவளை ஊற்றித்தான் துணியை ஊறவைக்கிறார். காரம் கையைக் கடிக்கவில்லையாம். விரல் இடுக்குகளில் வருஷம் தவறாமல் வரும் வெடிப்பு இந்தப் பனிக்கு வரவில்லை. சலவைத் துறையில் உள்ள மற்றவர்கள், "நல்லசிவத்துக்கு மட்டும் மகன் பன்னீர் அனுப்புதான்" என்று கேலி பேசுகிறார்கள். அப்பாவுக்கு அதில் பெருமைதான்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புரியும்படி எழுதப் பார்க்கிறேன். கம்பெனிகள் புதிதாகச் செய்யும் திரவங்கள் எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வரும். அதில் துளியளவு எடுத்து நல்ல தண்ணீரில் கலந்து, கழிவுநீரும் சில சொட்டுகள் விடுவோம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்தச் சொட்டுகளில் இருக்கின்றன. காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் குப்பியை மூடி, இருபத்தெட்டு நாள் இருட்டில் வைப்போம். அந்த உயிர்கள் திரவத்தைத் தின்றால் தண்ணீரில் உள்ள பிராணவாயு குறையும். எவ்வளவு குறைந்தது என்று அளந்தால் எவ்வளவு தின்றன என்று தெரியும். நூற்றுக்கு அறுபது பங்கு தின்றிருந்தால், அந்தத் திரவம் தண்ணீரில் எளிதில் மக்கிப்போகும் என்று சர்டிபிகேட் தருவோம்.

அதற்காக எர்ணாகுளத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போட்டில் போய்க் கழிவுநீர் மோந்து வருவது என் பொறுப்பு. அப்பா கேட்டார்: "ஏ பிள்ளே, பி.எஸ்ஸி. படிச்சது சாக்கடைத் தண்ணி மோந்துட்டு வரதுக்கா? அத நானே செஞ்சிருப்பனே!"

ஆறு மாதத் தற்காலிக வேலை மார்ச்சில் முடிகிறது. நிரந்தரமாக்குவார்களா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இப்படிக்கு
உங்கள் தங்கை
ஸ்வர்ணலதா


கோயம்புத்தூர்
22.1.1983

அன்புத் தங்கை ஸ்வர்ணத்துக்கு,

சுப்புராஜ் ஆசியுடன் எழுதுவது. இருமல் போய்விட்டது. மெஸ் சாம்பார் மட்டும் போகமாட்டேன் என்கிறது. வாய் வரவில்லையாமே! ஆபீசர் அம்மாவுக்கு வாய் எதற்கு, குப்பி போதுமே.

இனி எழுதுவதை அப்பா அம்மா இருவரையும் உட்காரவைத்துச் சத்தமாக வாசி. எங்கள் கம்பெனி பள்ளுருத்தியில் டிப்போ திறக்கப் போகிறது. இங்கிருந்து கெட்டியாக வரும் புதுச் சோப்பு எண்ணெயை அங்கே தண்ணீர் சேர்த்துக் கேனில் அடைத்து, இறால் கம்பெனிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் விற்பது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "சுப்புராஜ், அந்த ஊர்ப் பாஷையும் தெரியும், சலவையும் தெரியும், நீயே பார்த்துக்கோ" என்றார். ஏழு வருஷத்துக்குப் பிறகு வீட்டுச் சோறு! நம் வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வந்துவிடலாம்.

ஒரே ஒரு தடை. கேன் கழுவும் தண்ணீர் பின்னால் உள்ள கால்வாய்த் தோட்டில் போய் விழும். அதனால் நீ எழுதியிருக்கிறாயே, அதே மாதிரி ஒரு சோதனையில் எண்ணெய் பாஸாக வேண்டும். அது வந்தால்தான் அனுமதி, அனுமதி வந்தால்தான் டிப்போ. உங்கள் ஊரில்தான் ஏதோ ஒரு கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

அம்மாவைக் கருவாடு வாங்கி வைக்கச் சொல்.

அன்புடன்
சுப்புராஜ்


மட்டாஞ்சேரி
16.2.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், சந்தோஷமாகவும் இருக்கிறோம். உங்கள் கடிதத்தை அம்மா மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவையே அழுதுவிட்டாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பிறகு பார்த்தால் துறை முழுவதும் தெரிந்திருக்கிறது. பேச்சி, உன் மகன் வருகிறானாமே என்று அம்மாவைப் பிடித்து நிறுத்தி எல்லோரும் கேட்கிறார்கள்.

நாங்கள் மாதிரிகளை எண்ணால் மட்டுமே அறிவோம். எந்தக் கம்பெனி என்பது வெங்கிடாசலம் சாருக்கும் முதலாளிக்கும்தான் தெரியும். தெரிந்தாலும் வெளியே சொல்லக் கூடாது. அதனால் கேட்காதீர்கள்.

வெங்கிடாசலம் சார் எங்கள் கூடத்தின் தலைமை ரசாயனர். பாலக்காட்டுக்காரர். சத்தம் போடமாட்டார், ஆனால் ஒன்றும் விடமாட்டார். முந்தாநாள் மாதிரி முப்பத்தொன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. அன்று பந்த். போட் இல்லை, பஸ் இல்லை. நாள் தள்ளிப் போனால் என்னைத்தான் கேட்பார்கள் என்ற பயத்தில், காலையிலேயே நம் துறைக்குப் பின்னால் ஓடும் தோட்டில் ஒரு குப்பி மோந்துகொண்டு நடந்தே போனேன்.

சார் குப்பியைத் தூக்கிப் பார்த்து, "ஜலம் கொண்டுவந்துட்டியா? பந்தன்னிக்கு எப்படீம்மா?" என்றார். "பக்கத்துத் தோட்டில் சார்" என்றேன். பதிவேட்டிலும் 'கால்வாய், மட்டாஞ்சேரி' என்று எழுதினேன். வீட்டுக் கழிவுநீர் விழும் தோடுதானே, பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்வர்ணலதா


கோயம்புத்தூர்
27.2.1983

அன்புத் தங்கைக்கு,

நான் திடமாக இருக்கிறேன். கேட்காதே என்றாய், கேட்கவில்லை. ஆனால் முப்பத்தொன்று என்ற எண் எனக்குப் பிடித்திருக்கிறது. என் வயது.

அந்தக் குப்பிகளுக்கு வயிறு நிறைய ஊட்டிவிடு தாயே. உன் அண்ணன் உன்னிடம் வேறென்ன கேட்டிருக்கிறான்? சும்மா சொன்னேன். இந்த வரியை அப்பாவுக்கு வாசிக்காதே.

சுப்புராஜ்


மட்டாஞ்சேரி
6.3.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் அனைவரும் சௌக்கியம். மழையில்லாததால் மின்வெட்டு அதிகம். குப்பிகள் இருபது டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. இறாலுக்கு ஐஸ் அடிக்கும் கம்பெனியில் ஐஸ் வாங்கி, சாக்கில் சுற்றிக் குப்பிகளைச் சுற்றி அடுக்குகிறேன். கை மரத்துப்போகிறது.

ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்குக் கொடுத்தனுப்பிய கேனில் பெயர்ச்சீட்டு இல்லை. சுரண்டி எடுத்த மாதிரி பசை மட்டும் இருக்கிறது. அது என்ன எண்ணெய்? புதிதாகச் செய்ததா, பழையதா? அப்பாதான் சும்மா கேட்டார்.

ஸ்வர்ணலதா


கோயம்புத்தூர்
25.3.1983

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. திருப்பூர், ஈரோடு என்று ஒரே அலைச்சல். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, செருப்புதான் தேய்ந்துவிட்டது.

ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் எனக்குச் சாயா என்று ஏதோ செந்நிறத் தண்ணீரைக் கொடுத்தார்கள். அடுத்த டம்ளரில் இருந்ததுதான் சாயம் என்றார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பெரிய செய்தி. எண்ணெய் பாஸாகிவிட்டதாம்! நூற்றுக்கு எழுபத்தொன்று. சர்டிபிகேட் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது என்று போனில் சொன்னார்களாம். மேனேஜர் எனக்கு லட்டு கொடுத்தார். பள்ளுருத்தி இடத்துக்கு வாடகை பேசி முடித்துவிட்டார்கள். ஜூனில் வந்துவிடுவேன். அம்மாவிடம் சொல். அப்பாவிடம் நானே சொன்ன மாதிரி சொல்.

வெயிலில் அலையாதே.

சுப்புராஜ்


மட்டாஞ்சேரி
3.4.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் உடல்நலம் வேண்டுகிறேன். அம்மாவுக்குக் கால்வலி இருக்கிறது. இருந்தும் உங்களுக்காகப் பின்னறையை அவளே வெள்ளையடித்துவிட்டாள். இந்தக் கடிதம் எழுதுவது அப்பா அம்மாவுக்குத் தெரியாது.

கேனைப் பற்றிக் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. ஈரோட்டுச் சாயா வரை எல்லாம் எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் எழுதவில்லை. அதனால் நானே பார்த்துக்கொண்டேன்.

பழக்கமில்லாத ஒரு பொருளைப் போட்டால், அந்தச் சிறு உயிர்கள் முதலில் சில நாள் திகைத்து நிற்கும். பிறகுதான் மெல்லத் தின்னத் தொடங்கும். முப்பத்தொன்றில் அப்படி ஆகவில்லை. ஐந்தாம் நாளே பாதி தீர்ந்திருந்தது. சாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது என்ன, கல்யாணப் பந்திக்குக் காத்துண்டிருந்தாப்ல தின்னிருக்கு!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துறையும் தொட்டியும் அப்பாவின் குவளையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

கேனிலிருந்து கொஞ்சம் தைலக் குப்பியில் எடுத்துக்கொண்டு போனேன். இந்த மாதிரி எண்ணெயைத் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கினால் ஒரு சூட்டில் பாலாகக் கலங்கும், ஆறினால் தெளிந்துவிடும். ஒவ்வொரு எண்ணெய்க்கும் அந்தச் சூடு வேறு. முப்பத்தொன்று அறுபத்திரண்டு டிகிரியில் கலங்கியது. அப்பாவின் எண்ணெயும் அறுபத்திரண்டில் கலங்கியது. மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் வேறு எண் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அண்ணா, நவம்பரிலிருந்து அந்தத் தோட்டு உயிர்கள் தினமும் அதையே குடித்துப் பழகியிருக்கின்றன. அவற்றைக் கொண்டுபோய் அதே எண்ணெயைத் தின்கின்றனவா என்று கேட்டிருக்கிறேன். தின்னாமல் என்ன செய்யும்? சோதனையின் முதல் விதியே, தண்ணீர் அந்தப் பொருளுக்குப் பழகாததாக இருக்க வேண்டும் என்பதுதான்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. 'சலவைத் துறைக்குப் பின்புறம்' என்று பதிவேட்டில் எழுதியிருந்தால், சோப்புத் தண்ணீர் என்று சார் அப்போதே கீழே கொட்டச் சொல்லியிருப்பார். எனக்கு அது தெரியாமல் இல்லை. எழுதினால் காலையில் அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். என் வீடு அங்கே என்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் 'சொந்தத் தொழில்' என்றே சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா வெளுத்துத் தேய்த்துக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன்.

புதன்கிழமை சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டைப் ஆன சர்டிபிகேட் கையெழுத்துக்காக அவர் மேஜையில் இருந்தது. அதைக் கையில் எடுத்தார். பிறகு, "தப்பு ஜலத்துமேல இல்லே. எங்கேர்ந்துன்னு நீ எழுதலே பாரு, அது. துணி வெளுக்கறது வெட்கப்படற காரியமா? நம்ம ஜோலியும் அழுக்கு பாக்கறதுதானே?" என்றார். சர்டிபிகேட்டை நான்காக மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார்.

"சந்தைக்கே வராத சரக்கு உங்க தோட்டுக்கு எப்படி வந்துது?" என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொல்லாமல் குப்பிகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

என் ஆறு மாதம் மார்ச்சோடு முடிந்தது, ஆனால் இந்தச் சோதனை முடியும் வரை வரச் சொன்னார். சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் நாளை மறுபடி தொடங்குகிறேன். மே இரண்டாம் தேதி முடியும். பாஸாகலாம். ஆகட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்வர்ணலதா


மட்டாஞ்சேரி
5.5.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து வரி இல்லை. சுகமாக இருக்கிறீர்களா என்பதையாவது எழுதுங்கள். தபால்காரரை அம்மா வாசலிலேயே மடக்கிக் கேட்கிறாள். அவர் சைக்கிளைச் சந்து வழியாகத் திருப்பிவிடுகிறார்.

பதினேழு.

ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. பதினைந்தாம் நாள் எட்டு. இருபத்தெட்டாம் நாள் நூற்றுக்குப் பதினேழு. கடைசிக் குப்பிகளை நான் அளந்தேன், சார் பக்கத்தில் நின்றார். மாவுக் கஞ்சி விட்டால் தண்ணீர் நீலமாகும். அந்த நீலம் மறையும் வரை இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிராணவாயு மிச்சம் இருந்தால் நீலம் சீக்கிரம் மறையாது. அது மறையவே இல்லை அண்ணா, நான் விட்டுக்கொண்டே இருந்தேன்.

அறிக்கை போய்விட்டது. முதல் சோதனை செல்லாது, தண்ணீர் எடுத்த இடத்தில் உதவியாளரின் தவறு என்று அதில் இருக்கிறது. என் பெயர் இல்லை. யார் என்று முதலாளிக்குத் தெரியும். ஜூன் வரை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன என்று சொல்லவில்லை. அப்பாவின் துறையைப் பற்றியோ கேனைப் பற்றியோ அறிக்கையில் ஒன்றுமில்லை.

"அண்ணன் எப்பம் வாரான்?" என்று அப்பா நேற்றும் கேட்டார். "கடிதம் வரலை" என்றேன். அது உண்மைதானே.

ஸ்வர்ணலதா


கோயம்புத்தூர்
27.5.1983

அன்புத் தங்கை ஸ்வர்ணத்துக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன், பயப்படாதே. இதை நீ மட்டும் வாசி.

மார்ச்சில் நீ கேனைப் பற்றிக் கேட்ட அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஒன்றும் முட்டாள் இல்லை, சோப்பு விற்கிறவன். சந்தைக்கு வராத சரக்கை வெளியே கொடுத்தால் வேலை போய்விடும். அப்பாவின் கையை நினைத்து, சீட்டைச் சுரண்டிவிட்டு லாரியில் ஏற்றினேன். உன் கேள்விக்குப் பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் டிப்போதான் கண்ணில் வந்தது. நீ கவனிக்காமல் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து எதையும் கவனிக்காமல் விடாதவள் நீ, அதையும் மறந்தேன்.

அறிக்கை வந்ததும் மேனேஜர் குதித்தார். "அந்த லேப்ல இருக்கிற உதவியாளை முதல்ல விரட்டணும், அவங்க முதலாளிக்கு நானே எழுதறேன்" என்றார். அப்போது சொல்லிவிட்டேன். அது என் தங்கை, கேன் அனுப்பியது நான், விரட்டுவதானால் என்னை விரட்டுங்கள் என்று. அரைமணி நேரம் வெளியே நிறுத்திவைத்தார்.

பிறகு கூப்பிட்டு உட்காரச் சொன்னார், ஸ்வர்ணம். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எழுபத்தொன்றும் ஒரு ரிப்போர்ட்தானே, வேற ஊர்ல வேற லேப் இருக்கு. அவங்களுக்கு எந்தத் தண்ணி குடுக்கணும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்றார். உங்கள் தோட்டுத் தண்ணீரை நானே இரண்டு கேன் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம். ஆகஸ்டில் டிப்போ. பொறுப்பு எனக்கே. உன்னைப் பற்றி எழுதமாட்டாராம்.

ஏழு வருஷம், ஸ்வர்ணம். அம்மா வெள்ளையடித்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். நீ படித்தவள். சொல்லு, வரவா?

சுப்புராஜ்


மட்டாஞ்சேரி
12.6.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

மழை பிடித்துவிட்டது. துணி காயாததால் அப்பா வீட்டுக்குள் கொடி கட்டியிருக்கிறார். ஊரார் வேட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்காக மேனேஜரிடம் பேசினீர்கள். அந்தக் கடிதத்தை யாரும் பார்க்காமல் என் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு பள்ளுருத்திக்குப் பஸ்ஸில் போய் அந்த இடத்தைப் பார்த்து வந்தேன். நல்ல ஓட்டுக் கட்டடம். சுற்றுச்சுவரில் உங்கள் கம்பெனிப் பெயர் பென்சிலால் வரைந்திருக்கிறது, இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. பின்னால் தோடு. இரண்டு பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் துழாவிக் கக்காச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "ஆரெயா மோளே நோக்கணது?" என்று கேட்டாள். யாரைத் தேடுகிறாய் என்று கேட்கிறாள். அண்ணன் இங்கே வேலைக்கு வருவதாக இருக்கிறார் என்றேன். "அப்போ நம்மட ஆளாயி" என்று சிரித்து, கை நிறையக் கக்கா எடுத்து என் குடைத்துணியில் போட்டாள். அம்மா அதைத்தான் அன்று குழம்பு வைத்தாள்.

வாருங்கள் என்று எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. வராதீர்கள் என்றும் அம்மா வீட்டுக்குள் இருக்கும்போது எழுத முடியவில்லை. அந்தத் தோட்டுக்கு உங்கள் எண்ணெய் பழகியதில்லை. அவ்வளவுதான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஸ்வர்ணலதா


கோயம்புத்தூர்
28.6.1983

அன்புத் தங்கைக்கு,

நலம். உங்கள் மூவருக்கும் அப்படியே இருக்கட்டும்.

தண்ணீர் பிடித்துத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வேறு ஆளைத் தேடட்டும், அது என் கையில் இல்லை. என் கையில் இருந்தது இரண்டு கேன்தான். மேனேஜர் திட்டினார். பிறகு ஈரோட்டுக்கு மாற்றிவிட்டார். சாயாவையும் சாயத்தையும் பிரித்துப் பார்க்க இனி நேரம் இருக்கும்.

உங்கள் சாருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். கேன் எப்படி வந்தது என்று அவர் கேட்டதற்குப் பதில். உன் வேலை விஷயத்தில் அது உதவுமோ இல்லையோ, தெரியாது. கேள்வி கேட்டவருக்குப் பதில் போக வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். மறுநாளே திரும்ப வேண்டும். அம்மா சந்தோஷப்படுவாள், படட்டும். எத்தனை நாள் என்று கேட்டால் தெரியாது என்று சொல். டிப்போ இல்லை என்பதை நீ வாசித்துச் சொல்ல வேண்டாம். ஆறு மாதமாக எனக்காக நீ எத்தனை வரியைத்தான் விட்டு விட்டு வாசிப்பாய்? சாப்பிட்டு முடித்ததும் நானே அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். அப்போது நீ எழுந்து போய்விடாதே. கொஞ்சம் பக்கத்தில் இரு.

உன்
அண்ணன்